வெள்ளோட்டம் காணாத வண்டி

சிதம்பரம்,
மார்கழி மாதம்.

அன்புமிக்க நண்பர் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் கடலூரில் என் தமையனார் வீட்டில் காத்திருந்தது. புது வண்டி எப்படி ஓடுகிறது, பிரயாணம் சௌகரியமாக இருக்கிறதா, தாங்களும் அதே மாதிரி ஒன்று கட்டிக்கொள்ள முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வது சாமானியமான பொறுப்பன்று. தாங்கள் உத்தியோக காலமெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதில் அடங்கியிருக்கிறது. ஆகையால் வழியில் கண்டவற்றையும், வண்டியில் தென்பட்ட குறைகளையும், அவற்றுக்குத் தேடிய பரிகாரங்களையும் விவரமாகவே எழுதுகிறேன்.

படுக்கையும் அடுப்பும் சிறு குளியலறையும் அமைந்த வேனில் ஸ்தல யாத்திரை செய்வது நம் தேசத்துக்குப் புதிய வழக்கம். வழி நெடுகச் சத்திரமும் சாவடியும் இருந்த நாட்டில், வீட்டையே உடன்கொண்டு செல்ல வேண்டிய அவசியம் நம் முன்னோருக்கு ஏற்படவில்லை. இப்போதோ இவ்வகை வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரவிதியே இருக்கிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையையும் வெளியிட்டது. என் வண்டிக்குப் பாடி கட்டிய பட்டறையும் முறைப்படி அங்கீகாரம் பெற்றதுதான். பதிவுப் புத்தகத்திலும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் என்பது மாதிரிக்காகக் கட்டிய ஒரு வண்டியைச் சோதித்துக் கொடுப்பது. அதன் பிறகு அதே மாதிரியில் வெளிவரும் ஒவ்வொரு வண்டியின் கூரையையும் மூட்டையும் ஆணியையும் எவரும் வந்து தடவிப் பார்ப்பதில்லை. இந்த உண்மையைத் தாங்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

புதுச்சேரியைக் கடந்து தென்பெண்ணைப் பாலத்தின்மேல் வந்தபோதே வானம் கறுத்திருந்தது. கடலூர்ச் சீமைக்கு வருஷத்து மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியதும், 2015-ல் பெருவெள்ளம் சூழ்ந்ததும் இந்த மண்ணில்தான். தேவனாம்பட்டினத்துக்கு அருகே, 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகளைப் பார்த்துவிட்டு, கடற்கரையை ஒட்டிய மேட்டில் வண்டியை நிறுத்தி இரவு தங்கினோம். நடுநிசிக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் கூரையின் பின்மூலையிலிருந்து நீர் இறங்கி மெத்தையை நனைத்து, சமையல் மேடைக்கு மேலிருந்த அலமாரிக்குள்ளும் புகுந்துவிட்டது.

பொழுது விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். அலமாரிக் கதவுகளின் பிளைவுட் ஓரம் ஓரமாக ஊதியிருந்தது. வெளித் தகட்டின் ரிவெட்டுகளைச் சுற்றி அதற்குள்ளாகவே துரு வழிந்து கோடிட்டிருந்தது. பக்கவாட்டுக் கதவு, கீல் தாழ்ந்துவிட்டபடியால், தூக்கிப் பிடித்தாலன்றிப் பூட்டவில்லை. பின்விளக்குக்குச் செல்லும் வயர், இரும்புச் சட்டத்தில் துளைத்த ஓட்டையின் கூர் விளிம்பில் உராய்ந்து மேலுறை கிழிந்திருந்தது. ஃபியூஸ் அடிக்கடி போன காரணம் அப்போதுதான் விளங்கியது. எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கச் செய்தது எரிவாயு சிலிண்டர் வைக்கும் பெட்டி. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையோடு படிந்து தங்கும். ஆதலால் அது வெளியேறும் துவாரம் பெட்டியின் அடியில் இருக்க வேண்டும். என் வண்டியிலோ அடிப்பாகம் முழுவதும் தகட்டால் மூடி, மேலே மாத்திரம் அழகான சல்லடை ஒன்று வைத்திருந்தார்கள். அன்றே சிலிண்டரை இறக்கித் தமையனார் வீட்டில் வைத்துவிட்டேன்.

வண்டியை எங்கே காட்டுவது என்று விசாரித்தபோது, பலரும் ஒரே குரலாகக் கடலூர் முதுநகருக்குப் போகச் சொன்னார்கள். உப்பனாற்றங்கரையில் படகு கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் எங்கே நுழையும் என்று தெரியாமல் இராது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. அங்கே ஃபைபர் படகுகளைச் செப்பனிடும் வயோதிக மேஸ்திரி ஒருவர், ஏணி வைத்து ஏறிக் கூரையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே சென்று ஓரிடத்தில் நின்றார். "ஐயா, ஒழுகுற இடம் உள்ளே தெரியுற இடமில்லீங்க, தண்ணி இங்கே பூந்து, சட்டத்தோடயே ஓடி, அங்கே போய்ச் சொட்டுது" என்றார். அலுமினியத் தகட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே வைக்க வேண்டிய பேக்கிங்கை வைக்காமல், தகட்டை நேராக இரும்பின்மேல் படுக்கவைத்து ரிவெட் அடித்து, மேலே தெரியும் இடத்தில் சிலிக்கானைப் பூசியிருக்கிறார்கள். வண்டி ஓடும்போது சட்டம் முறுகும். முறுகும்போது பூச்சு விட்டுப்போகும். மேலும் இவ்விரண்டு உலோகங்களும் உப்பு நீர் பட்ட நிலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவாக நிகழும் என்பது ரசாயன சாஸ்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்ததே. மேஸ்திரி அந்த ஓரம் முழுவதையும் பிரித்து, துருவைச் சுரண்டி, ரப்பர் பட்டை வைத்துத் திரும்ப அடித்து, மூட்டின்மேல் ஃபைபர் பாயை ரெசினில் தோய்த்து ஒட்டினார். நன்றாக இறுகும் வரையில் வண்டியை அசைக்க அவர் அனுமதிக்கவில்லை.

காத்திருந்த பொழுதில் அவர் சொன்ன சரித்திரம் என் நெஞ்சை விட்டு அகலாதது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமி, கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்குமேல் பலிகொண்டது. படகிழந்த மீனவர்களுக்கு உலகெங்குமிருந்து உதவி வந்தது. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான ஃபைபர் படகுகள் தேவைப்பட்டதால், முன்பின் இத்தொழில் அறியாதவர்களும் கரையெங்கும் பட்டறை போட்டார்கள். கொடுப்பவருக்கு விரைவில் கொடுத்து முடிக்க வேண்டும். கட்டுபவருக்கு விரைவில் கட்டித் தள்ள வேண்டும். கடலில் செல்லப்போகும் மீனவரையோ எவரும் கேட்கவில்லை. நாலு பாய் ஒட்ட வேண்டிய இடத்தில் இரண்டு ஒட்டி, காற்றுக்குமிழை உருளையால் நீக்காமல், காய்வதற்குமுன் அச்சிலிருந்து பிரித்தெடுத்து, மேலே பளபளவென்று வர்ணம் பூசினால் நல்ல படகுக்கும் கெட்ட படகுக்கும் கரையில் வித்தியாசம் தெரியாது. அலையில் மோதும்போதுதான் தெரியும். அப்படி வந்த படகுகளில் பலவற்றைத் தாமே மறுபடி கட்டிக்கொடுத்ததாக மேஸ்திரி சொன்னார். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் பிற்பாடு தமிழ்நாட்டில் படகு கட்டுவோருக்குப் பயிற்சி நடத்தி, கட்டும் முறைக்கு ஒரு கையேடும் தயாரித்ததற்கு இந்த அனுபவமே காரணம்.

இந்தத் துன்பம் நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. மறு வருஷமே, 2005 ஆகஸ்டில், அமெரிக்காவின் தென்கரையைக் காத்ரினா புயல் தாக்கியபோது, வீடிழந்தவர்களுக்காக அந்நாட்டு அரசாங்கம் லட்சத்துக்கும் மேற்பட்ட இழுவை வீடுகளை அவசரமாக வாங்கிக் கொடுத்தது. கொடுத்த வீடுகளுக்குள் குடியேறியவர்களுக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் உண்டாயின. மரப்பலகைகளை ஒட்டிய பசையிலிருந்து ஃபார்மால்டிஹைட் என்ற வாயு, சாதாரண வீடுகளில் இருப்பதைவிட மிகுதியாக வெளிப்படுகிறது என்பதை 2008-ல் அரசாங்கச் சோதனையே உறுதி செய்தது. செல்வத்திலும் யந்திரத் திறத்திலும் நம்மைவிட எவ்வளவோ முன்னேறிய தேசத்திலும், கட்டுபவரின் அவசரமும் பார்ப்பவரின் அலட்சியமும் கூடினால் விளைவு இதுவாகவே இருக்கிறது.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வந்த வழியில் வண்டி ஒழுகவில்லை. இங்கே ஆருத்திரா தரிசனத்துக்கு முந்தின நாள் தேரோட்டம் கண்டோம். விநாயகர், சுப்பிரமணியர், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் ஆகிய ஐந்து மூர்த்திகளின் தேர்களும் நான்கு வீதிகளிலும் ஊர்ந்து வரும் காட்சியைத் தாங்கள் முன்பே கண்டிருக்கிறீர்கள். நானும் முன்பு கண்டதுண்டு. ஆயினும் இந்தத் தடவை என் கண்கள் சக்கரத்தையும் அச்சையும் கடையாணியையும் முளையடித்த மூட்டுகளையுமே தேடிச் சென்றன. அவ்வளவு பாரமும் திருப்பத்தில் ஒருபுறம் சாயும்போது ஒவ்வொரு மூட்டும் அதைத் தாங்கிக் கொடுக்கிறது. கோயிலுக்குள்ளே, மரத்தால் அமைந்த சிற்சபையின் பொன்வேய்ந்த கூரையில் 21,600 ஓடுகளும் அவற்றைப் பொருத்த 72,000 ஆணிகளும் உள்ளனவென்பது மரபு. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கையையும் உடலின் நாடிகளின் எண்ணிக்கையையும் அவை குறிப்பதாகப் பெரியோர் சொல்வர். தத்துவார்த்தம் எதுவாயினும், ஓர் ஆணியையும் கணக்கில் வைக்கத்தக்கதாக மதித்த சமூகம் இங்கே இருந்தது என்பதற்கு அந்தக் கூரையே சாட்சி.

தேர் விஷயத்தில் நம் முன்னோர் கைக்கொண்ட ஒரு நியமத்தைத் தாங்கள் கவனிக்கும்படி வேண்டுகிறேன். புதிதாகச் செய்த தேரையும், பெரிதாகப் பழுதுபார்த்த தேரையும் நேராக உற்சவத்துக்கு இழுப்பதில்லை. ஊரார் முன்னிலையில், சுவாமியை எழுந்தருளச் செய்யாமல், வெறுந்தேரை வீதியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். எங்கே முனகுகிறது, எந்தச் சக்கரம் இழுக்கிறது, எந்தத் திருப்பத்தில் முட்டுக்கட்டை போதவில்லை என்பதெல்லாம் அந்த வெள்ளோட்டத்தில் வெளிப்பட்டுவிடும். செய்த தச்சரும் உடன் நடந்து வருவார். குறை கண்ட இடத்தில் உளியை எடுப்பார். அதில் அவருக்கு அவமானமும் இல்லை, ஊராருக்குக் கோபமும் இல்லை. தெய்வம் ஏறும் தேருக்கே பரீட்சை அவசியம் என்று கருதிய நாம், மனைவி மக்களோடு குடியேறும் வண்டியை மாலை போட்டுக் கற்பூரம் காட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது எவ்விதத்திலும் நியாயமாகாது. என் அபிப்பிராயத்தின் சாரம் இதுவே.

இனிப் பட்டறையோடு நடந்த விவகாரம். குறைகள் அனைத்தையும் தேதியோடு படமெடுத்து, வரிசையாக எழுதி, ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்பினேன். மூட்டைப் பிரிக்குமுன் படமெடுத்து, பழைய ரிவெட்டுகளையும் ஊதிய பலகைத் துண்டையும் பத்திரப்படுத்தினேன். மேஸ்திரி கொடுத்த ரசீதும் கையில் இருக்கிறது. கொண்டுவந்து விட்டால் பூச்சுப் பூசிக் கொடுப்பதாகப் பட்டறைக்காரர் பதில் எழுதியிருக்கிறார். பூச்சு போதாது என்பதை விளக்கித் திரும்ப எழுதியிருக்கிறேன். அவர் இணங்காவிட்டால், 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. வாங்குபவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டுவதில்லை. கொடுத்த கிரயம் 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அவசியமானால் பொருளைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழி தெரியாதவர்கள் 1915 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். ஆயினும் நீதி கிடைப்பது பின்னால். ஒழுகாத கூரை இப்போதே வேண்டியிருக்கிறது. ஆதலால் நீதியைவிட முன்யோசனை மேலானது.

தாங்கள் வண்டி கட்ட வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள்; ஆனால் முன்பணம் கொடுக்குமுன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலகை அனைத்தும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டாக இருக்க வேண்டும். கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தும் பிரியாமலிருப்பது அதன் பரீட்சை. உள்தகடு அடித்து மூடுமுன், சட்டமும் வயரும் குழாயும் திறந்த நிலையில் இருக்கும்போது, தாங்கள் நேரில் சென்று பார்க்கும் உரிமை வேண்டும். முதுநகரில் படகு உருவாகும் காலமெல்லாம் அதன் சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்; மூடிய பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க, சாமான்களை ஏற்றி, எடைமேடையில் முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். சிலிண்டர் பெட்டியின் அடியில் கையை விட்டுத் துவாரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கூரைமேல் ஒரு மணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பீச்சச் சொல்லி, உள்ளே விளக்கைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிறகு கரடான சாலையில் ஐம்பது மைல் ஓட்டி, மறுபடியும் அதே பரீட்சையைச் செய்யுங்கள். இவ்வளவும் முடியும் வரையில் கிரயத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் ரிவெட் அடிக்கும் தொழிலாளியின்மேல் எனக்கு வருத்தமில்லை. நாளுக்கு இத்தனை என்று கணக்கு வைத்துக் கூலி கொடுக்கும் இடத்தில், மறைவான வேலையை நிதானமாகச் செய்ய அவனுக்கு அவகாசம் ஏது? கிரயம் கொடுப்பவர்கள் வர்ணத்தையும் மெத்தையையும் மாத்திரம் பார்த்துத் திருப்தியடையும் வரை முதலாளியும் அவற்றுக்கே செலவு செய்வார். நாம் சட்டத்தையும் மூட்டையும் கேட்கத் தொடங்கினால் அவரும் அவற்றில் கருத்தைச் செலுத்துவார். ஆகையால் தங்களையும், இத்தகைய வண்டி கட்ட எண்ணியிருக்கும் நம் சிநேகிதர்கள் அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்: வெள்ளோட்டம் பார்க்காமல் எந்த வண்டிக்கும் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள நண்பன்.