அடியில் தொங்கும் பிசிறு

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது, பார்லரில் கூட்டமும் கிடையாது. காலையிலிருந்து இரண்டு புருவம், ஒரு முடிவெட்டு, அவ்வளவுதான். மீதி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் பின்தெருப் பெண் வந்தாள். ஆவணியில் கல்யாணம். பிள்ளையார்பாளையத்தில் பாதி வீட்டைப் போல அவள் வீட்டிலும் தறிதான், அப்பாவோடு அவளும் உட்காருகிறாள். மேனிக்யூர் என்று அவள் கையை நீட்டுவது இதுதான் முதல் தடவை. "நெசவுக்காரக் கைக்கா, பாத்துட்டுச் சிரிக்காதீங்க" என்றாள். நானும் தறிக்குழி இருக்கிற வீட்டில் பிறந்தவள்தானே, எனக்கென்ன சிரிப்பு? ஆள்காட்டி விரல் நுனியில் காய்ப்பு, மற்றபடி நல்ல கை. கல்யாணத்துக்காக நகத்தை மூன்று வாரமாக வளர்த்திருக்கிறாள். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் விரலைத் தாண்டி வெள்ளை விளிம்பு கொஞ்சம்தான் எட்டிப் பார்த்தது.

பேச்சு சுவாரஸ்யத்தில் முதலில் வெந்நீரில் ஊறப் போட்டேன், அப்புறம்தான் ராவினேன். முட்டை வடிவம் கேட்டாள், கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்துத் தெருப் பெண் என்று 50 ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

காலையிலேயே வந்து நிற்கிறாள். "அக்கா, இழை மாட்டுது."

அறுந்த பாவு இழையை எடுத்து முடி போடும்போது பக்கத்து இழை நகத்தில் சிக்கி அதுவும் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று. கோர்வைச் சேலை என்பதால் இரண்டு கரைக்கும் உடம்புக்கும் மூன்று நாடா ஓடுகிறது. அப்பா ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். இவள் நிறுத்தினால் அவரும் நிறுத்த வேண்டும். அறுந்த இழையை விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் மறுபடி கோத்து இழுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் என்ன திட்டினார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நகத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருக்கிறது. சரி, இன்னொரு தடவை ராவுகிறேன் என்று அரத்தை எடுத்தால் கையை இழுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக் கூடாதாம்.

"வெட்டலடி, ராவறேன்."

உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். விரல் நுனியில் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினேன். நெசவாளிக்குப் பிளாஸ்டர் போட்ட விரல், பாடகிக்குத் தொண்டைக் கட்டு மாதிரி.

7 ஆகஸ்ட், புதன்

தேசிய கைத்தறி தினம். 1905இல் இதே நாளில் சுதேசி இயக்கம் தொடங்கியது என்பதற்காக 2015லிருந்து கொண்டாடுகிறார்கள். போனில் காலையிலிருந்து வாழ்த்துப் படங்கள். எங்கள் கைத்தறிப் பிரச்சினை பத்து நகத்தில் இருந்தது.

மத்தியானம் அவள் வந்ததும், நான் கூப்பிடாமலே அம்மா எழுந்து வந்தாள். தார்க்குழலில் மிச்சமிருந்த ஊடைப் பட்டை ஒரு முழம் உருவினாள். பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்து, நகத்தின் மேல் விளிம்பில் அந்த இழையை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. என்னைப் பார்த்தாள். பிறகு விரலைக் கவிழ்த்து, நகத்துக்கு அடியில், சதையும் நகமும் பிரிகிற இடத்தில் இழையைக் கொடுத்து வெளிப்பக்கமாக இழுத்தாள். பாதி தூரத்தில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் இழையிலிருந்து மயிரிழையில் பாதி கூட இல்லாத ஒரு நார் கிளம்பி நகத்திலேயே தங்கிவிட்டது.

"மேலத் தடவித் தடவிப் பாத்தா? பிசிறு அடியில தொங்குதுடி."

டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. விளிம்புக்குக் கீழே வெள்ளையாக, காய்ந்த கஞ்சி ஆடை மாதிரி ஒரு மெல்லிய ஓரம். சாணை பிடித்த கத்தியில் மறுபக்கம் மடிந்து நிற்குமே, அதே சமாச்சாரம். மேலிருந்து ராவ ராவ, நகம் முழுக்கப் பொடியாக உதிர்வதில்லை. கொஞ்சம் அடிப்பக்கம் தள்ளப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. நான் எத்தனை தடவை மேலே ராவியிருந்தாலும் அதுதான் வளர்ந்திருக்கும்.

240 அரத்தை எடுத்து, விளிம்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, உள்ளேயிருந்து வெளியே, அழுத்தாமல் இரண்டே இழுப்பு. பிறகு நுனியின் மேல் தூசி தட்டுவது போல ஒன்று. அம்மா மறுபடி பட்டை இழுத்தாள். ஒன்பது விரல் தேறியது. வலது மோதிர விரலில் மட்டும் ஓரம் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. அது என் வெந்நீர் செய்த வேலை.

8 ஆகஸ்ட், வியாழன்

இன்று என் நகத்திலேயே பரிசோதனை. இடது கையைப் பத்து நிமிடம் வெந்நீரில் வைத்து ராவினேன், வலது கையை உலர்ந்தபடியே. ஒரே அரம், ஒரே கை ஓட்டம். இடது கையில் பிசிறு வால் வாலாகத் தொங்கியது, வலது கையில் பொடியாக உதிர்ந்தது. சென்னையில் பயிற்சி எடுத்தபோதே முதலில் ராவு, பிறகு ஊறவை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். வரிசையை மாற்றியது நான்தான்.

நகம் ஒற்றைத் தகடு இல்லை, மூன்று அடுக்கு. நடு அடுக்கின் நார்கள் ஊடை மாதிரி குறுக்கே ஓடுகின்றன. அதனால்தான் நகம் பிய்ந்தால் பெரும்பாலும் பக்கவாட்டில் போகிறது, சதைக்குள் இறங்குவதில்லை. தண்ணீர் குடித்தால் அடுக்குகள் உப்பி இளகிவிடும். அந்த நேரத்தில் ரம்பம் அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் ராவினால் பிரியாமல் என்ன செய்யும்? ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒரே திசையில் போக வேண்டும்.

இன்னொரு வெட்கக்கேடு. திங்கட்கிழமை நான் எடுத்த அட்டை அரத்தின் ஒரு பக்கம் 100, மறுபக்கம் 180. எண் ஏற ஏற மணல் பொடி. 100 என்பது ஒட்டு நகத்துக்கு. அவசரத்தில் எந்தப் பக்கம் வந்ததோ அதால் ராவியிருக்கிறேன். இனி சொந்த நகத்துக்கு 180க்குக் கீழே தொடுவதில்லை, முடிவு 240இல்தான். கண்ணாடி அரம் ஒன்றும் வாங்க வேண்டும். சொரசொரப்பு சீராக இருக்கும், கழுவி வைத்துக்கொள்ளலாம்.

பார்லர் இல்லாத காலத்தில் என்ன செய்தாய் என்று அம்மாவைக் கேட்டேன். பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வட்டத்தைக் காட்டினாள். அதில் தேய்த்து, தன் தலைமுடியில் நகத்தை இழுத்துப் பார்ப்பாளாம். முடி மாட்டாவிட்டால் பட்டும் மாட்டாது. நான் கட்டிய கோர்ஸ் பணத்தை நினைத்துக்கொண்டேன்.

9 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ், கூட்டம், காமாட்சியம்மன் கோயில். நக வேலைக்கு ஊரே விடுமுறை.

12 ஆகஸ்ட், திங்கள்

அவள் வந்தாள். வியாழன், சனி இரண்டு நாளும் நகத்தால் ஓர் இழைகூட அறுபடவில்லை. மோதிர விரல் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டோம், வேறு வழியில்லை.

விளிம்பு காயாமல் இருக்க எண்ணெய் தடவச் சொல்வது எங்கள் வழக்கம். சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். எண்ணெய்க் கையோடு தறியில் உட்கார முடியுமா? ஒரு சொட்டுக் கறை பட்டால் கூலியில் பிடித்துவிடுவார்கள். கடைசியில் ராத்திரி படுக்கும்போது ஒரு துளி தேங்காயெண்ணெய், காலையில் கடலைமாவு போட்டுக் கழுவல் என்று முடிவானது. நகப்பூச்சு கல்யாணத்துக்கு முந்தின நாள் போதும் என்கிறாள். அழிக்கிற திரவம் நகத்தை உலர்த்திவிடும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

15 ஆகஸ்ட், வியாழன்

நாளை வரலட்சுமி நோன்பு. வெள்ளிக்கிழமை நகத்தைத் தொட மாட்டார்கள் என்பதால் எல்லாரும் இன்றைக்கே வந்துவிட்டார்கள். பதினோரு கை. எல்லாருக்கும் கடைசியில் பட்டு இழை இழுத்துக் காட்டினேன். காந்தி ரோடு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற பெண் சிரித்தாள்: "இது எனக்குத்தான்க்கா முதல்ல தேவை. பிரிச்சுக் காட்டுற சேலைல நகம் பட்டுடுமோன்னு விரலை மடக்கியே விரிக்கிறேன்."

முதுகு விட்டுப்போயிற்று. அம்மா தார்க்குழலில் நூல் குறைகிறது என்று புலம்புகிறாள்.

19 ஆகஸ்ட், திங்கள்

ஆவணி அவிட்டம். பத்மசாலியர் வீடுகளில் பூணூல் மாற்றுகிற நாள், தெருவில் தறிச் சத்தம் இல்லை.

பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணின் அப்பா வாசலில் நின்றார். 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகையைத் தாண்டி வர மனமில்லை. புதுப் பூணூல், நெற்றியில் நாமம். கல்யாணத்தன்று எத்தனை மணிக்கு அலங்காரத்துக்கு வருவாய் என்று கேட்டார். சொன்னேன். போகவில்லை. வெயில் எப்படி அடிக்கிறது பார் என்றார். பிறகு வலது கட்டைவிரலை என் முன்னால் நீட்டினார். பழைய நகம், மஞ்சள் ஏறித் தடித்து, ஓரத்தில் சின்ன வெட்டு.

"பொண்ணுக்கு அடியில ஏதோ இழுத்தியாமே."

உள்ளே வாங்க என்றேன். தலையை ஆட்டினார்.

"இன்னிக்கு வேணாம்மா, பௌர்ணமி. நாளைக்குச் செவ்வா. புதன்கிழமை காலைல, தறியில உக்கார்றதுக்கு முன்னாடி வர்றேன். அந்நேரத்துக்கு உள்ள ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்கல்ல?"