யோபுவும் பரோட்டா பார்சலும்

வெள்ளி ராத்திரி ஷிஃப்ட் இல்லாதவர்கள் வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடியில் கூடுகிறோம். கிடார், பிரசங்கம் எதுவும் கிடையாது. பைபிள் வாசிப்பு மட்டும்தான். இப்போது யோபு புத்தகம் ஓடுகிறது. 42 அதிகாரம், அவசரமே இல்லை.

போன வாரம் வேலை போன தம்பி ஒருவன் வந்திருந்தான். "கர்த்தர் வேற கதவைத் திறப்பாரு" என்று ஒருவர் ஆரம்பிக்க, "அண்ணே, ரெண்டாம் அதிகாரம் பாருங்க" என்றாள் ஒருத்தி. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். வாயைத் திறந்த பிறகுதான் வம்பே! கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவதும் அவர்கள் மேல்தான். சண்டே கிளாஸில் நமக்கு யோபுவின் பொறுமையை மட்டும்தானே சொன்னார்கள்?

அப்புறம் ஜெபத்துக்கு முன்னாலேயே தம்பியின் ரெஸ்யூமை உட்கார்ந்து திருத்தினோம்.

வரும் வெள்ளி மூன்றாம் அதிகாரம். யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிற இடம். பரோட்டா, சால்னா வாங்கி வருவது யார் முறை?