கெண்டையின் பிடரிக்குள்

கண்ணாடித் தொட்டியின் அடியில் தங்கமீன் மேய்வதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு வாய் மணலை அள்ளும். உதடும் செவுளும் சிறிது நேரம் அசையும். பிறகு கல்லையெல்லாம் துப்பிவிட்டு அடுத்த இடத்துக்கு நகரும். மணலோடு கலந்து கிடந்த தீனி மட்டும் உள்ளே போயிருக்கும். அதற்குக் கை கிடையாது, நம்மைப் போல் துழாவிப் பார்க்கும் நாக்கும் கிடையாது. அரிசியில் கல் பொறுக்க நமக்கு முறமும் வெளிச்சமும் வேண்டியிருக்கிறது. இந்த மீன் அதே வேலையை மூடிய வாய்க்குள், இருட்டில், சில நொடிகளில் முடித்துவிடுகிறது. இதைப் பார்த்த நாளிலிருந்து, எப்படிச் செய்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை.

பதிலில் பாதி மேல்வாயில் இருக்கிறது. தங்கமீனும் கெண்டைக் குடும்பம்தான். கெண்டை, கட்லா, ரோகு எல்லாவற்றுக்கும் அண்ணத்தில் தடித்த, மெத்தென்ற சதை ஒன்று உண்டு. தலையைக் குழம்பில் போட்டு ரசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கோடையில் ஏரி வற்றி மீன் பிடிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வரும் கெண்டைத் தலைகளில் அந்தச் சதையை விரலால் வழித்தெடுத்து, "இந்தாப்பா, தலையிலேயே இதுதான் ருசி" என்று அத்தை என் தட்டில் வைப்பார். அந்தச் சதையே ருசி பார்க்கிற சதை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. அதன் மேற்பரப்பு முழுக்கச் சுவை அரும்புகள், உள்ளே தசைநார்கள். உணவுத் துணுக்கு எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடம் மட்டும் புடைத்து இறங்கி, கீழே இருக்கும் செவுள் வளைவோடு சேர்த்துத் துணுக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மற்றதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்.

மீதிப் பாதி பதில் பிடரியில் இருக்கிறது. கெண்டையின் மூளையைத் திறந்து பார்த்தால் பின்மூளையின் இரு பக்கமும் இரண்டு பெரிய புடைப்புகள் தெரியும். வேகஸ் நரம்பு, அதாவது பத்தாவது மண்டை நரம்பு, வாய்க்குள்ளிருந்து கொண்டுவரும் சுவைச் செய்தி வந்து சேரும் இடம் அது. வேகஸ் மடல் என்பார்கள். நம் தலையிலும் அந்த நரம்பு இருக்கிறது. இதயத்தையும் குடலையும் கவனித்துக்கொள்கிறது, சுவையில் அதன் பங்கு மிகச் சிறியது. கெண்டையிலோ அது தனக்கென்று அடுக்கடுக்கான ஒரு கட்டடமே கட்டிக்கொண்டிருக்கிறது. வாயின் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த மடலில் ஒரு புள்ளி உண்டு. மேலடுக்குகள் சுவையை வாங்குகின்றன. உள்ளடுக்கில், அதே புள்ளிக்கு நேராக, வாயின் அதே இடத்துத் தசையை அசைக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. சுவை தெரிந்த இடம் எதுவோ அந்த இடமே பிடிக்கிறது. செய்தி முன்மூளை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. இவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்த மாதிரி மூளைகளை முதலில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களைத் தேடிப் போனபோது ஓர் அண்ணனும் தம்பியும் கிடைத்தார்கள். அவர்களை விட்டு நகர மனம் வரவில்லை. அண்ணன் கிளாரன்ஸ் லூதர் ஹெரிக், அமெரிக்காவின் ஓஹையோவில் கல்லூரி ஆசிரியர். நரம்பு மண்டலங்களை விலங்குக்கு விலங்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே 1891-இல் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. உலர்ந்த காற்றுக்காக நியூ மெக்ஸிகோ போனார், அங்கே பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தார், 1904-இல் இறந்தார். அவர் விட்டுப்போன இதழைத் தம்பி சார்லஸ் ஜட்சன் ஹெரிக் தாங்கினார். அண்ணனைவிடப் பத்து வயது இளையவர். இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தம்பிதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெளுத்தி மீன்களை வைத்துக்கொண்டு ஓர் எளிய சோதனை செய்தார். மீனின் மீசையிலோ விலாவிலோ இறைச்சித் துண்டால் லேசாகத் தொட்டார். மீன் சட்டென்று திரும்பி அதைக் கவ்வியது. வெறும் பஞ்சால் தொட்டார். முதலில் அதற்கும் திரும்பியது. சில தடவைக்குப் பிறகு பஞ்சைச் சட்டை செய்யவில்லை, இறைச்சிக்கு மட்டும் திரும்பியது. கெளுத்தியின் தோல் முழுக்கச் சுவை அரும்புகள் இருப்பது நுண்ணோக்கியில் தெரிந்திருந்தது. அவை உண்மையிலேயே சுவைக்கின்றன என்பதை ஒரு பஞ்சுத் துணுக்கு காட்டிக்கொடுத்தது. ஜட்சன் ஹெரிக் பிறகு சிகாகோ போய், சாலமாண்டர் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வியின் மூளையில் பல பத்தாண்டுகள் மூழ்கிக் கிடந்தார். அந்த உழைப்பு 1948-இல் 'புலி சாலமாண்டரின் மூளை' என்ற புத்தகமாக வந்தபோது அவருக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். விரல் நீளத் தலைகூட இல்லாத ஒரு பிராணிக்காக ஒருவர் இவ்வளவு காலம் கொடுத்தார் என்பது எனக்கு அந்த மூளையைவிடப் பெரிய வியப்பு.

கெளுத்தியின் கதையை 1971-இல் யெல்லே அடெமா என்ற ஆய்வாளர் இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார். கெளுத்திக்குச் சுவைக்கென்று இரண்டு மடல்கள். தோலிலிருந்தும் மீசையிலிருந்தும் முகநரம்பு வழியாக வருவது ஒன்றுக்கு, வாய்க்குள்ளிருந்து வேகஸ் வழியாக வருவது மற்றொன்றுக்கு. முன்னதை நீக்கினால் மீன் இரையைத் தேடி எடுப்பதில்லை. பின்னதை நீக்கினால் தேடி எடுக்கும், வாய்க்குள் வாங்கும், ஆனால் விழுங்குவதில்லை. ருசி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது அந்த மீனுக்கு இரண்டு வெவ்வேறு வேலை, இரண்டு வெவ்வேறு இடம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்துகிறது. முதலில் உடம்பால் உணர்வது, அடுத்து நாக்கு, பிறகு மூக்கு, கண், செவி, கடைசியில் மனம். அவ்வளவு பழைய காலத்தில் புல்லையும் சேர்த்து எல்லா உயிரையும் ஒரே கணக்கில் கொண்டுவந்த துணிவை நான் வணங்குகிறேன். கெளுத்தி அந்த வரிசையின் முதல் இரண்டு படிகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதற்கு உடம்பே நாக்கு.

ஆனால் படிக்கட்டு என்ற எண்ணம் நம் மனதில் ஆழமாக வேரோடிவிட்டது. கீழே மீன், அதற்கு மேல் தவளை, பல்லி, எலி, குரங்கு, உச்சியில் நாம். பால் மக்லீன் 1960-களில் முன்வைத்து 1990-இல் பெரிய புத்தகமாகவும் எழுதிய மூன்றடுக்கு மூளைக் கோட்பாடு இதற்கு அறிவியல் சாயம் பூசியது. அடியில் ஊர்வனவற்றின் மூளை, அதன் மேல் பழைய பாலூட்டியின் மூளை, அதற்கும் மேல் புதிய மூளை என்றது அது. கோபம் வந்தால் 'பல்லி மூளை' பேசுகிறது என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இன்றும் மேடையில் சொல்கிறார்கள். மூளைகளை ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. முன்மூளை, நடுமூளை, பின்மூளை மூன்றும் தாடையில்லாத லாம்ப்ரே மீனுக்கே உண்டு. மேலே புதிதாக மாடி கட்டிக்கொண்டே போகவில்லை பரிணாமம். இருக்கும் பகுதிகளில் ஒரு குடும்பத்துக்கு ஒன்று பருத்தது, இன்னொன்றுக்கு வேறொன்று. ஒரு வேலைக்கான நரம்புத் திசுவின் அளவு அந்த வேலைக்குத் தேவையான செய்தியின் அளவை ஒட்டியே இருக்கும் என்று ஹாரி ஜெரிசன் 1973-இல் எழுதினார். பிழைப்பு எதுவோ அதற்கேற்ற மூளை. மீனையோ பல்லியையோ இகழ இதில் இடமே இல்லை.

ஆப்பிரிக்கக் கலங்கல் ஆறுகளில் யானைமூக்கு மீன் என்று ஒன்று இருக்கிறது. இரவில் தன் உடம்பிலிருந்து மெல்லிய மின்துடிப்புகளை விட்டு, சுற்றிலும் இருப்பதை உணர்ந்துகொள்கிறது. அதன் சிறுமூளையின் ஒரு பகுதி பெருத்து மற்ற பகுதிகளையெல்லாம் மூடியிருக்கும். ஓய்வில் நம் உடம்பு செலவிடும் ஆக்சிஜனில் மூளையின் பங்கு சுமார் 20 சதவீதம். இந்த மீனில் அது சுமார் 60 சதவீதம். மெக்ஸிகோவின் குகை மீன் நேர்மாறு. ஒளியே இல்லாத இடத்தில் கண்ணை இழந்தது, பார்வைக்கான நடுமூளைப் பகுதியும் சுருங்கியது, சுவை அரும்புகள் பெருகின. ஒரு கிராம் எடையுள்ள மீனுக்குப் பார்வையின் பராமரிப்புச் செலவு மட்டும், ஓய்வில் உடம்பு எரிக்கும் ஆற்றலில் 15 சதவீதம் வரை போகும் என்று 2015-இல் கணக்கிட்டார்கள். இருட்டில் அந்தச் செலவு வீண். அட்லாண்டிக்கின் கடல் ராபின், துடுப்பு முள்களைக் கால்களாக்கி மணலில் நடந்து, அந்தக் கால்களாலேயே புதைந்த இரையை உணர்கிறது. கால் நரம்புகள் வந்து சேரும் இடத்தில் அதன் தண்டுவடமே முடிச்சு முடிச்சாகப் பருத்திருக்கிறது. வேலை இருக்கும் இடத்தில் நரம்பு வளரும். அது தலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அடுத்த முறை கெண்டையோ கட்லாவோ வாங்கினால், தலையைப் பிளக்காமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூரான கத்தியால் மண்டையின் மேலெலும்பைப் பையப் பையப் பெயர்த்தெடுங்கள். கொழகொழவென்று இருக்கும் கொழுப்பைத் தண்ணீர் விட்டு விலக்கினால் மூளை தெரியும். முன்னால் சிறியதாக முன்மூளை, அடுத்துக் கண்ணுக்கான இரண்டு உருண்டைகள், நடுவில் ஒற்றையாகச் சிறுமூளை. அதையும் தாண்டிப் பிடரிப் பக்கம் பாருங்கள். இரு பக்கமும் புடைத்து நிற்பவை வாய்க்கானவை. பார்த்த பிறகு தலையைக் குழம்பில் போடலாம்.