ஆவாஜ் கதீ யேதோ?

எங்கள் வீட்டு மாருதி 800, 1996ஆம் ஆண்டு வண்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர், நான்கு கியர். கட்கியில் எங்கள் தெருவில் அதை ‘மதராசி மாருதி’ என்பார்கள். பிம்ப்ரி–சிஞ்ச்வட் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த அப்பா, அந்த வண்டியின் கார்புரேட்டரை வேறொருவர் தொட விட்டதில்லை.

சென்ற ஜூன் மாதம் சாஸ்வட் போகும் வழியில், திவே காட் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார். ஒரு புறம் பாறைச் சுவர், கண்ணாடி இறக்கியிருந்தது. மூன்றாம் கியரில் அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது, தகர டப்பாவில் சில்லறைக் காசுகளைப் போட்டுக் குலுக்கினாற்போல ஓர் ஒலி பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. காலைத் தளர்த்தினார், நின்றது. மீண்டும் அழுத்தினார், வந்தது.

“என்னப்பா இந்தச் சத்தம்?”

“எந்தச் சத்தம்? வண்டி முன்னைக்கு இப்ப நல்லா இழுக்குது பாரு.”

உண்மையிலேயே நன்றாகத்தான் இழுத்தது. அதனால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒலி நாளுக்கு நாள் கூடவே, அப்பாவிடம் சொல்லாமல் ஒரு பணிமனைக்கு எடுத்துச் சென்றேன். முதல் கேள்வி, “ஆவாஜ் கஸா ஆஹே?” சத்தம் எப்படி இருக்கிறது? மொழியியல் படித்தவளிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ‘கிட்கிட்’ என்றேன், ‘கட்கட்’ இல்லை என்றேன், தமிழில் ‘கிணிகிணி’ என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்திருக்கிறார். இந்திய மொழிகள் பலவற்றிலும் இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் குடும்ப வேறுபாடு கடந்து பொதுவாக இருப்பதைப் பற்றி எமனோ 1969இல் ஒரு கட்டுரையே எழுதினார். அத்தனை செல்வமும் கையிலிருந்தும், நான் சொன்னது அந்த மெக்கானிக்கைச் சென்றடையவில்லை. அவர் வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட்டுக் கேட்டார். டிக்டிக் என்றது. கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் ஒரு மாத உதவித்தொகையைத் தாண்டியது. போதாக்குறைக்கு, எல்லாம் இந்த எதனால் கலந்த பெட்ரோலால் வந்த வினை என்றார். இந்தக் குற்றச்சாட்டு இப்போது எங்கும் கேட்கிறது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களுக்கு எதனால் ஆகாது என்பது உண்மை. ஆனால் எதனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட அதிகம். நாக்கிங் எனப்படும் தட்டொலியை அது தடுக்கவே செய்யும்.

அன்றிரவு கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்த ஒலியை ஆய்வுக்காக நாங்கள் பயன்படுத்தும் பிராட் மென்பொருளில் திறந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பேச்சொலிக்கென்று அமைத்த அந்தத் திரை இயல்பாக 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் காட்டும் என்பது அரைமணி நேரம் கழித்தே உறைத்தது. மேல் எல்லையை 10,000க்கு உயர்த்தியதும், எட்டாயிரத்தையொட்டி மெல்லிய கோடுகள் வரிசையாக நின்றன. எனக்கு அவை ‘ஸ்’ ஒலியின் உறவினர்போலத் தோன்றின. பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன்: இந்த என்ஜினின் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய அறைக்குள் கொதிக்கும் வாயுவில் அழுத்த அலை குறுக்கே மோதினால் ஏறக்குறைய எட்டாயிரம் ஹெர்ட்ஸில்தான் ஒலிக்கும். தேய்ந்த பேரிங்கின் ஒலி கனத்தது, இதைவிட மிகத் தாழ்ந்தது.

மறுநாள் போபோடியில் மரத்தடியில் கடை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனேன். என் திரைப்படத்தைக் கைப்பேசியில் காட்ட முனைந்தேன். காகா அதைப் பார்க்கவேயில்லை. “ஆவாஜ் கதீ யேதோ?” என்றார். சத்தம் எப்போது வருகிறது?

எனக்கு வெட்கமாக இருந்தது. முதுகலை முதலாண்டில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே இதுதான். ஓர் ஒலியைத் தனியே பிடித்துவைத்து எப்படி இருக்கிறது என்று கேட்காதே. எந்தச் சூழலில் வருகிறது என்று கேள். ஒரே ககரம் ‘கல்’லில் ஒருவிதம், ‘தங்க’த்தில் வேறுவிதம், ‘பக’லில் இன்னொருவிதம். சூழலை அறிந்தவனுக்கே அது ஒன்று என்பது புரியும். காகாவின் சூழல் விதிகள் மூன்று. நிற்கும்போதும் ஓடும்போதும் பளுவைப் பொருட்படுத்தாமல் மெல்ல டிக்டிக் என்றால் டேப்பெட். வேகத்தோடு கூடிக் கனமாக அடித்து, ஒரு சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றியதும் அடங்கினால் பேரிங். பெரிய கியரில் குறைந்த வேகத்தில் அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் மறைந்தால் தட்டொலி. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து ஒரு மேம்பாலம் ஏறி இறங்கினார். “டைமிங்” என்றார்.

பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக்கில் பொறி விழ வேண்டும். தீ பரவச் சிறிது நேரம் தேவை. மிகவும் முந்திவிட்டால், தீமுகம் வந்து சேருமுன்பே மூலையில் எஞ்சிய கலவை அழுத்தமும் வெப்பமும் தாளாமல் தானாகவே ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். அந்த அதிர்ச்சிதான் நாம் கேட்பது. தொடரவிட்டால் அலுமினிய பிஸ்டனின் தலை அரித்து, ஒரு நாள் ஓட்டை விழும்.

காகா வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டை மாட்டி, டைமிங் குறியைப் பார்த்தார். குறி இருக்க வேண்டிய இடத்தைவிட வெகுதூரம் முன்னே போயிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கும் போல்ட்டில் புதிய ஸ்பானர்த் தழும்பு. யாரோ அண்மையில் திருப்பியிருக்கிறார்கள் என்றார்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அப்பா மறுக்கவில்லை. அவர் செய்தது பழைய ஓட்டுநர்கள் எல்லோரும் செய்ததுதான். டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது முன்னால் திருப்புவது, மேட்டில் ஏற்றிப் பார்ப்பது, தட்டொலி கேட்கத் தொடங்கியதும் ஒரு மயிரிழை பின்வாங்குவது. மைலேஜும் இழுவையும் கிடைக்கும். இன்றைய வண்டிகளில் என்ஜின் மேல் ஒரு நாக் சென்சார் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்து, தட்டொலி வந்தவுடன் பொறியைத் தானே பின்தள்ளிவிடும். எங்கள் வண்டியில் அந்த சென்சார், அப்பாவின் காது.

“சத்தம் வரவேயில்லை பாப்பா. அதான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு…”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு மூன்று ஆண்டுகளாக அம்மாவுக்கு ஒரே மனக்குறை: இந்த மனுஷர் நான் பேசினால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை, அலைபேசியில் நண்பர்களிடம் மட்டும் நன்றாகப் பேசுகிறார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். குக்கர் கத்தும்போது, குழாய் ஓடும்போது, முதுகைக் காட்டிப் பேசும்போது என்று அதற்கொரு சூழல் இருந்தது. ஒலியியல் படிக்கும் மகள் அதை ஒருநாளும் குறித்துக்கொள்ளவில்லை.

செவித்திறன் சோதனைக்கு அழைத்துப் போக ஒரு மாதம் ஆயிற்று. வரைபடம் 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000இல் முடிந்தது. இரண்டாயிரம் வரை ஓரளவு சமமாக வந்த கோடு, மூவாயிரத்துக்கு மேல் இரு காதுகளிலும் கிணற்றுப் படிபோல இறங்கியது. இரைச்சலில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அப்பா, “எல்லாரும் அங்கதானே பார்த்தாங்க” என்றார். கருவி மாட்டிப் பார்த்தோம். வாங்க இன்னும் சம்மதிக்கவில்லை. விலையை முன்னிட்டு மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

வண்டி எளிதில் தேறிவிட்டது. காகா டைமிங்கைக் குறிக்குக் கொண்டுவந்தார். சிறிது தட்டொலி எஞ்சியது. பிஸ்டன் தலையில் படிந்த கரியே காரணம் என்று, பிளக் துளைகள் வழியே கரி நீக்கும் திரவம் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பிளக்குகள் இல்லாமலே சுழற்றி வெளியேற்றி, எண்ணெயையும் மாற்றினார். மேல்பகுதி வெடித்திருந்த ஒரு வாக்குவம் குழாய்க்கும் புதியது வந்தது. மொத்தச் செலவு முதலில் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு இருக்காது.

சென்ற ஞாயிறு மறுபடியும் திவே காட். அப்பாவே ஓட்டினார். பாறைச் சுவர் தொடங்கும் வளைவில், நான் சொல்லாமலே கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்றாம் கியரில் அழுத்தினார்.

“வருதா?”

“இல்லப்பா.”

இன்னும் அழுத்தினார். “இப்ப?”

“இல்லப்பா” என்றேன், சற்று உரக்க, அவர் பக்கம் முகத்தைத் திருப்பி.