குருதி உறையும் நேரம்

ஓடும்போது உறையாதிருத்தலும், காயத்தின்வழி ஒழுகும்போது உறைந்துவிடுதலும் குருதியின் இருபெருங் கடமைகள். முன்னதில் தவறினால் குருதிக்குழாய் அடைபடும். பின்னதில் தவறினால் சிறு கீறலும் பெருங்கேடாய் முடியும். ஒருவருடைய குருதி இவ்விரண்டிற்கும் இடையே எந்நிலையில் நிற்கின்றது என்பதை அறிய உதவுவது புரோத்ராம்பின் நேரச் சோதனை. இதனை 1935ஆம் ஆண்டில் வகுத்தளித்தவர் ஆர்மண்டு குவிக் என்னும் அமெரிக்க மருத்துவர்.

குருதி உறைவதற்குக் கால்சியம் இன்றியமையாதது. சிரையிலிருந்து எடுத்த குருதியை ஒன்பது பங்கிற்கு ஒரு பங்கு சோடியம் சிட்ரேட்டு உள்ள குழாயில் விடுவர். சிட்ரேட்டு கால்சியத்தைப் பற்றிக்கொள்ளுமாதலின் குருதி உறையாது கிடக்கும். குழாய் குறித்த அளவிற்கு நிரம்பாவிடின் விடை பிழைபடும். எளிய செயலாயினும் இதில் கவனம் மிக வேண்டும். பின்னர்க் குழாயை விரைவாகச் சுழற்றினால் அணுக்கள் அடியில் தங்க, மஞ்சள் நிற நீர் மேலே தெளியும். அதனை 37 பாகை வெப்பத்தில் வைத்துத் திராம்போபிளாஸ்டின் என்னும் பொருளையும் கால்சியத்தையும் சேர்ப்பர். அக்கணம் முதல், நார் போன்ற ஃபைப்ரின் திரளும் வரை கழியும் விநாடிகளே சோதனையின் விடை. நலமுடையோர்க்கு அது ஏறத்தாழ 11 முதல் 13 விநாடி.

இச்சோதனைக்குப் பெருந்தேவை நேர்ந்த வரலாறு ஒரு மாட்டுக் கொட்டிலில் தொடங்குகின்றது. 1933ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், இறந்த கிடாரி ஒன்றையும் உறையாத குருதி நிறைந்த பாற்கலம் ஒன்றையும் கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியல் அறிஞரிடம் கொண்டு சென்றார். பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனமே மாட்டைக் கொன்றது. அதிலுள்ள நஞ்சை லிங்க்கின் குழுவினர் 1939இல் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின், 1948இல் எலிநஞ்சாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று! செயற்கை இதய வால்வு பொருத்தப்பெற்றோர் பலர் இன்றும் அதனை உண்டே வாழ்கின்றனர். அளவு குறைந்தால் வால்வில் குருதி உறையும். மிகுந்தால் மூளையிலும் குருதி கசியலாம். ஆகவே அவர்களுக்கு அடிக்கடி சோதனை வேண்டும்.

இங்கேதான் ஓர் இடர் நேர்ந்தது. திராம்போபிளாஸ்டின் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் ஒருதன்மையதன்று. ஒரே குருதி ஓரிடத்தில் விரைந்தும் வேறோரிடத்தில் தாழ்ந்தும் உறைந்தது. அமெரிக்காவில் வழங்கியது நுட்பம் குறைந்ததாதலின், அந்நாட்டு நோயாளிகள் பிரித்தானியரினும் மிகுதியாக மருந்துண்டனர், குருதிக்கசிவுக்கும் ஆளாயினர். விநாடியை மட்டும் நம்பியதன் விலை அது.

இக்குறையை நீக்க, 1983இல் உலகச் சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்னும் பொது எண்ணை ஏற்றுக்கொண்டது. நோயாளியின் நேரத்தை நலமுடையோர் நேரத்தால் வகுத்து, திராம்போபிளாஸ்டினின் தன்மைக்கேற்பத் திருத்திப் பெறுவதே அவ்வெண். நலமுடையோர்க்கு அது 1 அளவில் நிற்கும். வார்ஃபரின் உண்போர் பெரும்பாலோர்க்கு 2 முதல் 3 வரை நிற்றல் வேண்டும். கீரைகளிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினை எதிர்ப்பதால், நாடோறும் கீரை உண்போர் திடீரென நிறுத்தினால் எண் ஏறும். உண்ணாதார் மிகுதியாக உண்டால் இறங்கும்.

எண் 1 என்றிருப்பதாலேயே குருதிக்கு யாதொரு குறையுமில்லை என்று துணிதலும் ஆகாது. ஹீமோஃபிலியா என்னும் பரம்பரை நோயில் குறைபடும் எட்டாம், ஒன்பதாம் காரணிகளை இச்சோதனை தொடுவதேயில்லை. அந்நோயுள்ள சிறுவனின் குருதியும் குழாயில் 12 விநாடியில் உறையக்கூடும்; அவன் முழங்காலிலோ குருதி கசிந்துகொண்டேயிருக்கும். அவனுக்கு வேறொரு சோதனை வேண்டும்.