சுமையின் ஓசை

நிலாவெளியில் வாழ்பவர்களுக்கு ஓசையைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கடலின் இரைச்சலைக் கேட்டே காற்று மாறிவிட்டது என்று கூறக்கூடிய முதியவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் என் தலைமுறையின் செவி வேறொரு பள்ளியிலே பயின்றது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து ஊருக்குள் வந்தபோது நான் சிறுவன். 2006இல் மாவிலாற்றில் மூண்ட சண்டை திருகோணமலை மாவட்டத்தை உலுக்கியபோதும் பாடசாலை மாணவன்தான். ஒரு சீழ்க்கை எழுந்தால், அது என்னவென்று ஆராய்வதற்கு முன்னர் நிலத்தில் விழுந்து படுப்பதே அறிவு என்று கற்றுக்கொண்டோம். அவ்வறிவு அன்று எங்கள் உயிரைக் காத்தது. அதே அறிவு அண்மையில் ஒரு மாணவியின் உழைப்பைப் பாழாக்கியது. அக்கதையைச் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் தமிழாசிரியன், சர்வகலாசாலையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன். சனிக்கிழமைகளில் பாடசாலையின் கணினி அறையைத் திறந்துவைத்துக் காவலிருக்கும் பொறுப்பு, வேறு ஆளில்லாத காரணத்தால், என்மீது விழுந்தது. அவ்வறையில் பெறுமதி வாய்ந்தது ஒரேயொரு கணினிதான். அதிலுள்ள வரைகலை அட்டையைப் பழைய மாணவர்கள் பணஞ் சேர்த்து, இரண்டாங் கையாக வாங்கித் தந்தார்கள். எதீரியம் என்னும் மறைகுறி நாணயத்தை ஈட்டுவதற்காக உலகெங்கும் இத்தகைய அட்டைகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டெம்பர் 15ஆந் திகதி அந்நாணயத்தின் முறை மாற்றப்பட்டதும், இனி இவற்றால் இலாபமில்லை என்று கண்டு, பலர் அவற்றைச் சந்தையில் தள்ளிவிட்டார்கள். எங்கள் அட்டையும் அவ்வாறு வந்ததே என்று விற்றவர் சொன்னாராம். யாரோ ஒருவருடைய இலாபத்துக்காக உழைத்துக் கழிக்கப்பட்ட பொருள், கடைசியில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு வந்து சேர்ந்தது.

அம் மாணவி உயர்தர வகுப்பிலே படிப்பவள். கடற்றொழிலாளி ஒருவரின் மகள். ஆழிப்பேரலைக்குப் பின்னர் பிறந்தவள். தாய் சொல்லக் கேட்ட அந்தக் காலையை, பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு அசையும் படமாக அமைத்திருந்தாள். படத்தின் நீளம் இருபத்துநான்கு விநாடிகள். விநாடிக்கு 25 ஆக 600 படங்கள். ஒரு படத்தைத் தீட்டி முடிக்கக் கணினிக்கு ஒரு நிமிடம் சென்றது. ஆகவே, பத்து மணி நேர வேலை. காலை ஏழு மணிக்கு அதைத் தொடக்கிவிட்டு, “சேர், சுமை கூடினா இதில ஒரு சத்தம் வரும். ஒண்டும் செய்யாது, விட்டிடுங்கோ” என்றாள். நான் தலையசைத்தேன். உண்மையில் செவிமடுக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணி. அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். கணினியிலிருந்து மெல்லிய, கூரிய சீழ்க்கையொன்று எழுந்தது. ஏறியது, தணிந்தது, ஒரு கணம் நின்றது, மறுபடியும் கிளம்பியது. என் உடல் குளிர்ந்தது. வெடிக்கப் போகிறது என்றே எண்ணினேன். எழுந்தேன்; சுவரிலிருந்த ஆளியை அணைத்தேன். அறை அமைதியாயிற்று.

திரும்பி வந்தவள் இருண்ட திரையைப் பார்த்தாள். எட்டு மணி நேரத்தில் 480 படங்கள் வரை முடிந்திருக்கும். அவற்றைத் தனித்தனியே சேமிக்காமல், ஒரே காணொளிக் கோப்பாக எழுதும்படி அமைத்திருந்தாளாம். அரைகுறையில் அறுந்த கோப்பு திறக்கவில்லை. “காலமையே சொன்னனே, சேர்” என்றாள். அவ்வளவுதான். கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

அந்த வாரத்தில் ஓரிரவு, அச்சீழ்க்கையைப் பற்றிக் கவிதையெழுதத் தாளை எடுத்தேன். சுரண்டப்பட்ட யந்திரம் அழுகிறது என்று தொடங்கினேன். எழுதிய வரியைப் படித்தபோது வெட்கமாயிற்று. யந்திரம் அழவில்லை. மனம் நொந்தது ஒரு பிள்ளை. நோகச் செய்தவன் நான். தாளைக் கிழித்துவிட்டு, மறுநாள் மாலை கடற்கரைக்குப் போனேன்.

அவளுடைய தந்தை வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். நடந்ததை மகள் வீட்டில் சொல்லவேயில்லை. நான் சொல்லி முடித்ததும் அவர் தமது படகின் எஞ்சினைக் காட்டினார்.

“லோட் ஏறினா எஞ்சின்ர சத்தம் மாறத்தானே செய்யும், சேர். அது வேலை செய்யிற சத்தம். இரும்பு முட்டுற மாதிரிக் கேட்டாத்தான் யோசிக்கோணும். அப்பவும் முதல்ல தண்ணி பீச்சுதா எண்டு பாப்பம். பாக்காம நடுக்கடலில நிப்பாட்டினா, ஆர் எங்களை இழுத்துக்கொண்டு வாறது?”

அடுத்த நாள் வகுப்பறையில், மற்ற மாணாக்கர் முன்னிலையிலேயே, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சனிக்கிழமை அவள் வந்தாள். அன்று அவள் ஆசிரியை, நான் மாணாக்கன்.

மின்வழங்கி தரும் 12 வோல்ற்றை ஏறத்தாழ 1 வோல்ற்றாகக் குறைத்தே வரைகலைச் சிப்புக்கு ஊட்ட வேண்டும். இதற்காக அட்டையில் சிறு கம்பிச் சுருள்கள் வரிசையாக நிற்கின்றன. மின்னோட்டம் ஏறியிறங்கும்போது சுருளின் காந்தப்புலமும் ஏறியிறங்குகிறது. கம்பியும் அதன் அகணியும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்கின்றன. காந்தமேறும் இரும்பின் நீளம் மாறுகிறது என்பதை ஜூல் 1842இலேயே கண்டார். தெருவோரத்து மின்மாற்றி முரல்வதும் இதனாலேதான். எங்கள் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அகணி இருமுறை அதிர்வதால் அம்முரல் விநாடிக்கு 100 அதிர்வாகிறது. வரைகலைச் சிப்பின் வேலையோ விநாடிக்குப் பல ஆயிரம் தடவை கூடிக் குறையக்கூடும். அந்த அதிர்வு மனிதச் செவி எட்டும் 20 முதல் 20,000 வரையான எல்லைக்குள் விழுந்தால், சீழ்க்கையாகக் கேட்கிறது.

இவ்வோசை பொருளற்றதுமன்று. கெங்கின், ஷமீர், துரோமர் என்னும் ஆய்வாளர் மூவர், மடிக்கணினியின் இத்தகைய ஓசையைக் கேட்டே அதனுள்ளிருந்த 4096 பிற்று இரகசியச் சாவியொன்றைக் கண்டறியலாம் என்று 2013இல் காட்டினார்கள். கேட்கத் தெரிந்தவனுக்கு ஓசை செய்தி, தெரியாதவனுக்கு அச்சம்.

அவள் ஒரு விளையாட்டின் தொடக்கத் திரையைத் திறந்தாள். விநாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் பாய்ந்தன; சீழ்க்கை எழுந்தது. 60 என்று வரம்பிட்டாள், உடனே அடங்கியது. சுருளின் ஓசை சுமையோடு அக்கணமே மாறும். விசிறியின் ஓசை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். விசிறி கரகரவென்று உரசினால், எங்கள் உப்புக் காற்றும் தூசியும் அதன் அச்சைத் தின்கின்றன என்று பொருள். தீய்ந்த நாற்றம் வந்தால் மட்டும் ஆளியை அணைக்க வேண்டும். இவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

ஆசிரிய நண்பர்களே, எங்கள் அச்சம் எங்கள் வரலாறு, அதற்காக நாணவேண்டியதில்லை. ஆயினும், அதைக் கட்டளையாக்கிப் பிள்ளைகள்மீது சுமத்த எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? நிறுத்து என்று சொல்ல நொடிப்பொழுது போதும். என்னவென்று கேட்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

இம்முறை படங்களைத் தனித்தனியே சேமிக்கும்படி அமைத்து, மறுபடியும் தொடங்கினாள். பத்து மணி நேரமும் சீழ்க்கை ஒலித்தது. நான் அருகிலேயே இருந்தேன். இரண்டு தடவை என் கை தானாகவே ஆளியை நோக்கிப் போயிற்று. இரண்டு தடவையும் சுவரிலிருந்த தாளைப் படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்கு அறுநூறாவது படம் முடிந்தது, ஓசையும் நின்றது.