சோட்டென்போரியில் சேரி இல்லை

'யாகூசா' வரிசை வீடியோ கேம்களைப் பற்றி வந்த விமர்சனங்களைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர் இதை ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்: "ஜப்பான்லயும் நம்மள மாதிரி ஒதுக்கப்பட்ட சாதி இருக்குன்னு சொன்னீங்களே, யாகூசாவுல அவங்க நிறைய பேராமே, அப்புறம் ஏன் கேம்ல ஒருத்தரும் வரல?" பதில் சொல்ல எங்களுக்குச் சில வாரங்கள் ஆயின.

சேகா நிறுவனம் 2005 டிசம்பரில் முதல் பாகத்தை வெளியிட்டது. டோக்கியோவின் கபுகிச்சோவைப் பார்த்து 'கமுரோச்சோ' என்றொரு பகுதியையும், ஒசாகாவின் டோட்டோன்போரியைப் பார்த்து 'சோட்டென்போரி'யையும் உருவாக்கினார்கள். ஆடுபவர் சந்து சந்தாக நடக்கலாம், கடையில் சாப்பிடலாம், கரோக்கே பாடலாம், எதிரே வருபவனை அடித்துப் போடலாம். விமர்சகர்கள் திரும்பத் திரும்பப் பாராட்டுவது அந்தத் தெருவின் அச்சு அசலான தோற்றத்தைத்தான். 2010-இல் ஜேக் அடெல்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், நிஜ யாகூசாக்கள் மூவரிடம் மூன்றாம் பாகத்தைக் கொடுத்து ஆடச் சொல்லி அவர்கள் அபிப்பிராயத்தையே வெளியிட்டார். உண்மைத்தன்மைக்குச் சான்றிதழ் வாங்க இதற்கு மேல் யாரிடம் போவது!

குறை சொன்னவர்களும் உண்டு. பெண்கள் காப்பாற்றப்படவும் காட்சிப் பொருளாக நிற்கவும் மட்டுமே வருகிறார்கள் என்றார்கள். இரண்டாம் பாகத்தில் கொரியர்கள் பழிவாங்கும் கும்பலாகச் சுருங்கிவிட்டார்கள் என்றார்கள். மூன்றாம் பாகத்தில் திருநங்கை ஒருவரைக் கேலிப்பொருளாக்கிய கிளைக்கதையை, மறுபதிப்பில் நிறுவனமே நீக்கியது. ஆக, பேசினால் பலன் இருக்கிறது.

ஏழாம் பாகம் 2020-இல் வந்தது. நாங்கள் அதிகம் ஆடியதும் விவாதித்ததும் இதைத்தான். நாயகன் கசுகா இச்சிபான் பாலியல் தொழில் நடக்கும் குளியல் விடுதியில் பிறந்தவன். யாரோ செய்த கொலையைத் தன் தலையில் ஏற்று 18 ஆண்டு சிறையில் இருக்கிறான். வெளியே வந்ததும் சுடப்பட்டு, யோகோஹாமாவில் வீடற்றவர்களின் கூடாரத்தில் கண் விழிக்கிறான். வில்லன் பக்கம் நிற்பது 'பிளீச் ஜப்பான்' என்ற தூய்மை இயக்கம். பாலியல் தொழிலாளர், குடியேறிகள், வீடற்றோர் எல்லோரையும் கறை என்று சொல்லி வெளுக்கக் கிளம்பும் கூட்டம். 'தூய்மை' என்ற சொல்லைக் கேட்டதுமே எங்களுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. விமர்சகர்கள் இந்தக் கதையைப் பாராட்டியதில் தப்பில்லை.

ஆனால் கதைக்கு வெளியே, ஆட்டத்துக்குள் என்ன நடக்கிறது? நாயகனின் நண்பன் நன்பா வீடற்றவன். அதுவே ஆட்டத்தில் அவனுடைய 'தொழில்'. புறாக்களை ஏவுவான், சாராயத்தை வாயில் கொப்பளித்து நெருப்பு ஊதுவான். தெருவில் நாம் அடித்து வீழ்த்த வேண்டிய எதிரிகளிலும் வீடற்றவர்கள் உண்டு. சைக்கிளில் போய்க் காலி டப்பா பொறுக்கும் போட்டி ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா குப்பை வண்டியில் வேலை பார்க்கிறார். அவள் மட்டும் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். எடோ காலத்து ஒசாகாவில் 'ஹினின்' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு நான்கு குடியிருப்புகள் இருந்தன: தென்னோஜி, தொபிதா, தென்மா, டோட்டோன்போரி. ஆமாம், அதே டோட்டோன்போரி. 'ஹினின்' என்றால் மனிதரல்லாதவர் என்று பொருள். நகர நிர்வாகத்துக்காகக் குற்றவாளிகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது இவர்கள் மேல் சுமத்தப்பட்ட வேலைகளில் ஒன்று. அதற்குத் தெற்கே சென்னிச்சிமாயேயில் சுடுகாடும் கொலைக்களமும் இருந்தன. இன்னொரு பக்கம், 'எத்தா' என்று இழிக்கப்பட்டவர்களின் வதனபே கிராமம். தோல் பதனிட்டார்கள், முரசு செய்தார்கள். 1871-இல் அரசாணை இந்தப் பெயர்களை ஒழித்தது. புராகுமின் என்ற பெயரில் இழிவு தொடர்ந்தது. குற்றமும் தண்டனையும் பற்றிய ஒரு கேமுக்கு இதைவிடப் பொருத்தமான தெரு வேறு இல்லை. நாங்கள் ஆடிய எந்தப் பாகத்திலும் இதன் சுவடு இல்லை. படித்த விமர்சனங்களிலும் இல்லை.

அப்படியானால் யாகூசா தலைவன் ஒருவனைப் புராகுமின் என்று காட்டியிருக்க வேண்டுமா? இங்கேதான் நாங்கள் தயங்கினோம். யாகூசாவில் 60 விழுக்காட்டினர் புராகுமின் என்று முன்னாள் உளவுத்துறை அதிகாரி ஒருவர் 2006-இல் டோக்கியோ வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றத்தில் சொன்னார். வாயால் சொன்ன எண் அது, கணக்கெடுப்பு அல்ல. உலகமெல்லாம் அதையே மேற்கோள் காட்டுகிறது. பையன் காதுக்கு வந்ததும் அதுதான். பெயர் சொல்வதே அங்கே ஆயுதமாகிவிட்டது. 1975-இல் புராகு ஊர்களின் பட்டியல் ஒன்று இரகசியமாக விற்கப்பட்டது அம்பலமானது. வேலை கேட்டு வருபவர் எந்த ஊர் என்று பார்ப்பதற்காக 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை வாங்கியிருந்தன. 2012-இல் 'ஷூகான் அசாஹி' வார இதழ், அப்போதைய ஒசாகா மேயர் ஹாஷிமோட்டோவின் தந்தை புராகு, யாகூசா என்று தோண்டியெடுத்து, மகனின் குணத்துக்கு அந்த இரத்தத்தைக் காரணம் காட்டியது. எதிர்ப்புக் கிளம்பியதும் முதல் பகுதியோடு தொடரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டது. ஹாஷிமோட்டோவின் அரசியல் எங்களுக்கு ஆகாது. ஒசாகா மனித உரிமை அருங்காட்சியகத்துக்கு மானியத்தை நிறுத்தியவர் அவர். 2020-இல் அது மூடப்பட்டது. அதற்காக அந்தக் கட்டுரையை நாங்கள் ஏற்க முடியாது. கேம் இதைச் செய்திருந்தாலும் ஏற்றிருக்க மாட்டோம்.

ஆகவே 'புராகு யாகூசா' ஒருவனை நாங்கள் கேட்கவில்லை. கசுகாவின் 18 ஆண்டுக் கற்பனைச் சிறையைப் பார்த்து உருகிய விமர்சகர்களுக்கு இஷிகாவா கசுவோவைத் தெரியுமா என்று கேட்கிறோம். 1963-இல் சயாமாவில் ஒரு மாணவி கொல்லப்பட்டார். போலீஸ் புராகு பகுதியை வளைத்தது. 24 வயது இஷிகாவா கைதானார். சரியாக எழுதப் படிக்கத் தெரியாத அவர்தான் மிரட்டல் கடிதம் எழுதினார் என்றது வழக்கு. 1964-இல் மரண தண்டனை, 1974-இல் அது ஆயுள் தண்டனையானது. 1994-இல் பரோலில் வெளிவந்தபோது 31 ஆண்டுகள் போயிருந்தன. எழுத்தைச் சிறையில்தான் கற்றார். நிரபராதி என்று நிரூபிக்க மறுவிசாரணை கேட்டுக்கொண்டே இருந்தார். அது கிடைக்காமலே 2025 மார்ச்சில் இறந்தார். இந்தக் கதையில் யாகூசா இல்லை. குற்றம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, சாதி இருக்கிறது.

எங்கள் பையனுக்குச் சொன்ன பதிலில் இன்னொன்றும் இருந்தது. ஐந்தாம் பாகத்தில், கேமுக்குள் இருக்கும் விளையாட்டுக் கூடத்தில் முரசு தட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. திரையில் வரும் தாளத்துக்கு ஏற்பப் பட்டனைத் தட்ட வேண்டும். முரசு இருக்கிறது, தோலை உரித்துப் பதனிட்டுக் கட்டியவர் இல்லை. பறை தெரிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒசாகாவில் பழைய வதனபே இருந்த நானிவா வட்டாரத்துப் பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஆட்கள் செய்துமட்டும் கொடுத்த முரசைத் தாங்களே அடிக்க வேண்டும் என்று 1987-இல் ஒரு குழு தொடங்கினார்கள். ஊரை மறைக்கவில்லை, யாரும் பட்டியல் போட்டு அவர்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவர்களே மேடை ஏறிச் சொன்னார்கள். குழுவுக்கு 'இக்காரி' என்று பெயர் வைத்தார்கள். சினம் என்று பொருள்.